முந்நூற்று நாற்பது கிராம்

நவம்பர் மழையில் வந்த காய்ச்சல் ரெனிட்டாவை ஐந்து நாள் படுக்க வைத்தது. ஆறாம் நாள் எழுந்து காபி போட்டாள். டம்ளரை வாயருகே கொண்டுபோனபோதுதான் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. காபியில் காபி இல்லை. சூடும் லேசான கசப்பும் இனிப்பும் மட்டும் இருந்தன. பொடி டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளே விட்டாள். ஒன்றுமே இல்லை. கற்பூரம், நாப்தலின் உருண்டை, வெட்டிய வெங்காயம் என்று வீட்டில் இருந்ததையெல்லாம் முகர்ந்து பார்த்துவிட்டு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆழ்வார்பேட்டையில் பார்த்த காது மூக்கு தொண்டை டாக்டர், "மூணு மாசத்துல வரலாம், ஒரு வருஷமும் ஆகலாம்" என்றார். வராமலேயே போகலாமா என்று அவள் கேட்டாள். அவர் மருந்துச் சீட்டில் எழுதிக்கொண்டே, "அதுவும் உண்டும்மா" என்றார்.

வேறு யாருக்காவது இது நடந்திருந்தால் ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். ரெனிட்டாவுக்கு அதுதான் பிழைப்பு. சாந்தோமில், கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஒரு நாலு மாடிக் குடியிருப்பில், மூன்றாவது மாடியில் அவள் வீடு. பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டு அடுப்படியிலிருந்துதான் கேக் செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் பெரிய கருவிகள் கிடையாது. ஒரு ஓவன், மாவு அடிக்கும் ஒரு பீட்டர், பிளாஸ்டிக் அளவுக் கப்புகள். மற்றதெல்லாம் மூக்கு. வெண்ணெய் பழசா, முட்டை சரியா, கேக் வெந்துவிட்டதா, இன்னும் இரண்டு நிமிடம் விடலாமா என்று எல்லாவற்றையும் மூக்குதான் சொல்லும். கேக் வேகும்போது அவள் கடிகாரத்தைப் பார்த்ததே இல்லை.

கணவன் கிளிஃபர்டைத் தவிர யாரிடமும் அவள் சொல்லவில்லை. "வாசனை தெரியாதவ செஞ்ச கேக்கை யாருங்க வாங்குவாங்க?" என்றாள். கிளிஃபர்ட் அடையாறில் ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியர். மறுநாள் ஒரு டிஜிட்டல் தராசும், ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானியும் வாங்கிக்கொண்டு வந்தான்.

அதன்பின் அவள் கண்ணை நம்பவில்லை, நாக்கை நம்பவில்லை, தராசை நம்பினாள். பழைய நோட்டில் கப், ஸ்பூன் என்று எழுதியிருந்த செய்முறைகளையெல்லாம் ஒவ்வொன்றாக கிராமுக்கு மாற்றினாள். மைதா ஒரு கப் நூற்றிருபத்தைந்து கிராம். சர்க்கரை இருநூறு. இதெல்லாம் செல்போனில் கிடைத்த பட்டியலில் இருந்தது. அந்தப் பட்டியலில் தேன் இல்லை. அவள் யோசிக்கவே இல்லை. கப் என்றால் இருநூற்று நாற்பது மில்லி, அப்படியென்றால் இருநூற்று நாற்பது கிராம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

அவளுடைய தேன் கேக், பேக்கரிகளில் ஜாம் தடவி தேங்காய்த்துருவல் தூவி விற்கிற வகை அல்ல. மாவிலேயே தேனைக் கலந்து, மெதுவாக வேகவைத்து, இரண்டு நாள் மூடிவைத்துக் கொடுப்பாள். அசோக் நகரிலிருந்து தங்கபுஷ்பம் டீச்சர் வருடத்துக்கு நான்கு முறையாவது அதைக் கேட்பார். ஜனவரியில் தன் அக்காவின் அறுபதாவது பிறந்தநாளுக்குக் கேட்டார். ரெனிட்டா அளந்து, நிறுத்து, நேரம் பார்த்துச் செய்து அனுப்பினாள்.

மறுநாள் டீச்சர் போன் செய்தார்.

"ரெனிட்டாம்மா, கேக் வந்துச்சு. நல்லா மெத்துனுதான் இருந்துச்சு…" என்று இழுத்தார்.

"சொல்லுங்க டீச்சர்."

"தப்பா நினைச்சுக்காதே. இதுல தேன் போட்டியா? சாதாரண கேக் மாதிரி இருக்குன்னு அக்கா சொல்றாங்க. கொஞ்சம் வறட்சியாவும் இருந்துச்சு."

"போட்டேன் டீச்சர். அளந்துதான் போட்டேன்."

"சரிம்மா, சரி. அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த அனுசரணையான குரல்தான் அவளை உலுக்கியது. மீந்திருந்த ஓரத்துண்டை வாயில் போட்டு மென்றாள். இனிப்பு தெரிந்தது. அது தேனா சர்க்கரையா என்று கண்டுபிடிக்க அவளிடம் எதுவும் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எங்கே தவறு என்று பார்த்தே ஆக வேண்டும். தி. நகர் கடையில் வாங்கிய தேன் பாட்டிலை எடுத்தாள். தராசின் மேல் கிண்ணத்தை வைத்து எண்ணைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தாள். பழைய அளவுக் கப்பில் தேனை விளிம்புவரை நிரப்பி, கிண்ணத்தில் கவிழ்த்தாள். தேன் தன் இஷ்டத்துக்கு, நாடா மாதிரி மடிந்து மடிந்து இறங்கியது. எண்கள் ஏறின. நூறு. நூற்றைம்பது. இருநூற்று நாற்பதில் நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பில் இன்னும் நிறையத் தேன் இருந்தது. இருநூற்றைம்பது. முந்நூறு. கரண்டியால் வழித்து முடித்தபோது முந்நூற்று நாற்பதில் நின்றது.

தராசு கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். அதே கப்பைக் கழுவித் துடைத்து, தண்ணீரை நிரப்பி இன்னொரு கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்தாள். இருநூற்று நாற்பது. எண்ணெயை ஊற்றிப் பார்த்தாள். இருநூற்று இருபது. மறுபடி தேன். முந்நூற்று நாற்பது.

பன்னிரண்டு வருடம் கையால் எடுத்த கப். ஒரே உயரம், ஒரே அகலம். அதற்குள் நூறு கிராம் கூடுதலாக எங்கே போய் உட்கார்ந்தது?

கிளிஃபர்ட் பள்ளியிலிருந்து வந்தபோது மேசையின் மேல் இரண்டு கப்புகள் இருந்தன.

"ஷூவைக் கழட்டிட்டு இங்க வாங்க. கண்ணை மூடுங்க. கையை நீட்டுங்க."

இடது கையில் தண்ணீர்க் கப்பை வைத்தாள், வலது கையில் தேன் கப்பை. அவனுடைய வலது கை தானாகக் கொஞ்சம் இறங்கியது. அவன் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டான்.

"இவ்ளோ வித்தியாசமா ரெனி? படிச்சிருக்கேன். ஆனா கையில வச்சுப் பார்த்ததில்லை."

அவன் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்துவந்து ஒரு ஸ்பூன் தேனை அதில் விட்டான். அது கலங்கவில்லை, மிதக்கவில்லை. நூல் பிடித்ததுபோல் நேராக அடிக்குப் போய், அங்கே பொன்னிறமாகப் படிந்து உட்கார்ந்துகொண்டது. விளக்கு வெளிச்சம் அதன் வழியாக மேசைமேல் விழுந்தது. இருவரும் காபி ஆறிப்போகும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று நோட்டில் பழைய வரியை அடித்துவிட்டு எழுதினாள்: தேன் ஒரு கப், இருநூற்று நாற்பது மில்லி, முந்நூற்று நாற்பது கிராம். அரை கப் நூற்று எழுபது. கால் கப் எண்பத்தைந்து. பெரிய ஸ்பூன் இருபத்தொன்று, சின்ன ஸ்பூன் ஏழு. மில்லியைக் கிராமாக்க ஒன்று புள்ளி நான்கு இரண்டால் பெருக்கு, கிராமை மில்லியாக்க அதே எண்ணால் வகு. புதுக் கேக் ஒன்று செய்து, சொல்லாமல் கொள்ளாமல் அசோக் நகருக்கு அனுப்பினாள். "இதாம்மா தேன் கேக்!" என்று டீச்சர் கத்தியது செல்போனைத் தாண்டி கிளிஃபர்டுக்குக் கேட்டது.

மொட்டை மாடியில் தேனீக்கள் வந்தது பிப்ரவரி கடைசியில். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், பழைய மின்சார மீட்டர்கள் இருந்த மர அலமாரி ஒன்று உபயோகமில்லாமல் கிடந்தது. துணி உலர்த்தப் போன ரெனிட்டா அதன் கீழ்ச் சந்தில் தேனீக்கள் போவதும் வருவதுமாக இருப்பதைப் பார்த்தாள். சின்ன உடம்பு, பழுப்புக் கோடுகள். அவளை அவை கண்டுகொள்ளவில்லை. தெருவில் புங்கை மரங்கள் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தன. அடுத்து வேம்பும் பூத்தது.

மார்ச் நடுவில் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஸ்ரீகிருஷ்ணா ஒவ்வொரு வீட்டுக்கும் செய்தி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை மருந்தடிக்க ஆள் வருகிறார்கள், யாரும் மாடிக்குப் போக வேண்டாம். ரெனிட்டா இரண்டாவது மாடிக்கு இறங்கிப் போய் அவர் வீட்டு மணியை அடித்தாள்.

"உள்ள வாங்கோ. தேனீ விஷயம்தானே?" என்றார் அவர். எழுபது வயது, எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ஆத்துக்கு ஆத்து கொழந்தைகள் இருக்கா. யாரையாவது கொட்டிடுத்துன்னா என்னைத்தானே கேப்பா?"

"மருந்தடிச்சா எல்லாம் செத்துடும் சார். ஆளைக் கூப்பிட்டு உயிரோட எடுத்துடலாம். சனிக்கிழமைக்குள்ள முடிக்கிறேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சனிக்கிழமை வரைக்கும்தான்" என்றார்.

அவளுக்கு மீன் கொண்டுவரும் தேசம்மாதான் ஆள் சொன்னாள். தேசம்மாவின் தம்பி பக்கிரி, நொச்சிக்குப்பத்துக்காரன். கடலுக்குப் போகாத நாட்களில் வீடுகளில் தேன் கூடு எடுத்துக் கொடுப்பான். வெள்ளிக்கிழமை காலை தேங்காய் மட்டையும் ஒரு சின்னக் கத்தியுமாக வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். மாடியேறி வந்தவன் உடனே அலமாரியைத் தொடவில்லை. பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கீழ்ச் சந்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா பக்கிரி, பயமா கீதா?" என்று ரெனிட்டா அவன் பாஷையிலேயே கேட்டாள்.

அவன் சிரித்தான். "பயம் இல்லக்கா. வேலை செஞ்சிக்கினு கீதுங்க. நீயே பாரு."

சந்தின் ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு தேனீக்கள் வரிசையாக நின்றிருந்தன. பறக்கவில்லை, நகரவில்லை. கால்களை மரத்தில் ஊன்றிக்கொண்டு, றெக்கையை மட்டும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தன.

"இன்னா பண்ணுதுங்க?"

"விசிறுதுங்கக்கா. மேல ஒரு ஓட்டை கீது பாரு, அங்க கையைக் கொண்டுபோ. ஒண்ணும் பண்ணாது."

அலமாரியின் மேல்பக்கத்தில், பழைய ஒயர் நுழைந்த ஓட்டை ஒன்று இருந்தது. ரெனிட்டா தயங்கித் தயங்கி உள்ளங்கையை அருகே கொண்டுபோனாள். கையில் காற்று பட்டது. வெதுவெதுப்பான, ஈரமான காற்று. தூங்குகிற குழந்தையின் மூச்சு கன்னத்தில் படுவதுபோல் விடாமல் வந்துகொண்டிருந்தது. வெளியில் வெயில் உலர்ந்து காய்ந்தது. இந்தக் காற்று மட்டும் நனைந்திருந்தது.

அவளுக்குக் கையை எடுக்க மனம் வரவில்லை.

பக்கிரி மட்டையைப் பற்றவைத்து லேசாகப் புகை காட்டினான். கதவை ஒரு சாண் திறந்து, ஓரத்து அடையிலிருந்து ஒரு துண்டை வெட்டி அவளுடைய கிண்ணத்தில் போட்டான். அறைகளில் தேன் பளபளத்தது.

"இது பச்சைத் தேன்கா. இன்னும் மூடல. இப்ப எடுத்தா புளிச்சிப்பூடும். பத்துப் பன்னெண்டு நாள் உட்டா நல்லாக் கெட்டியாவும்."

"எவ்ளோ கெட்டி ஆனா சரி?"

"அது நமக்கு இன்னாக்கா தெரியும்? பூவாண்ட இருந்து எடுத்துக்கினு வர்றப்போ தண்ணியாட்டம்தான் இருக்கும். விசிறி விசிறி காய வைக்கும். சரியாச்சின்னா அதுங்களே மேல மெழுகு வச்சி மூடிடும். நாங்க மெழுகைப் பாத்துத்தான் எடுப்போம்."

ரெனிட்டா கிண்ணத்தோடு கீழே ஓடினாள். அடையை மல்துணியில் பிழிந்து, கால் கப்பில் நிரப்பி, தராசில் ஊற்றினாள். எண்பத்தொன்று. எண்பத்தைந்து வர வேண்டும். கடைத் தேனை அதே கால் கப்பில் ஊற்றினாள். எண்பத்தைந்து. மறுபடி பச்சைத் தேன். எண்பத்தொன்று. கால் கப்பில் நாலு கிராம். முழுக் கப்பென்றால் பதினாறு.

நாக்கில் தொட்டுப் பார்த்திருந்தால் அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. தராசு சொல்லிவிட்டது, இதில் தண்ணீர் இன்னும் இருக்கிறது என்று. மேலே அவள் உள்ளங்கையில் வந்து பட்டது அந்தத் தண்ணீர்தான்.

தராசையும் இரண்டு தேனையும் கால் கப்பையும் தட்டில் அடுக்கிக்கொண்டு நேராக ஸ்ரீகிருஷ்ணா வீட்டுக்குப் போனாள். நாளை சனிக்கிழமை. எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று படியிறங்கும்போதெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனாள். அவ்வளவு தேவைப்படவில்லை. அவர் மேசையில் இரண்டையும் நிறுத்துக் காட்டியதும் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இன்னொரு தரம் போடுங்கோ" என்றார்.

போட்டாள். எண்பத்தொன்று. எண்பத்தைந்து.

"நான் முப்பத்து மூணு வருஷம் என்ன பண்ணினேன் தெரியுமோ? கான்கிரீட் டெஸ்டிங். லாரில கலவை வரும். கண்ணால பாத்தா எல்லாம் ஒண்ணுதான். அளவு தெரிஞ்ச ஒரு டப்பால ரொப்பி எடை போடுவோம். எடை குறைஞ்சா தண்ணியை ஜாஸ்தி விட்டிருக்கான்னு அர்த்தம். திருப்பி அனுப்பிடுவேன்." அவர் கால் கப்பை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "அதுகளும் அதைத்தான் பண்றதா? சரியா வர வரைக்கும் மூடாதா?"

"மூடாதாம் சார்."

"எங்களுக்கு அதுக்கு ஒரு லேப் வேண்டியிருந்தது. பத்துப் பேர் இருந்தோம். அப்பவும் தப்பு வரும்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு மாடிக்கு வந்தார். மேல் ஓட்டையில் கையைக் காட்டினார். அவர் முகத்தில் இருந்த அதிகாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதை ரெனிட்டா பார்த்தாள். வெகுநேரம் அவர் கையை எடுக்கவில்லை. பிறகு, "ஈஸ்டருக்கு முந்தி குருத்து ஞாயிறுங்கறேளே, அது என்னிக்கு?" என்று கேட்டார்.

"இன்னும் பதினாறு நாள்."

"அதுக்கு முதல் நாள் எடுத்துடுங்கோ. அதுவரைக்கும் யாரும் மாடிக்கு வராம நான் பாத்துக்கறேன். மருந்துக்காராளை வேண்டாம்னு சொல்லிடறேன்."

அந்தப் பதினைந்து நாளும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ரெனிட்டா மாடிக்குப் போனாள். தவக்காலம், கேக் வேலை குறைவு. கையை ஓட்டைக்கு அருகே வைத்துக்கொண்டு நிற்பாள். முதல் வாரம் காற்று ஈரமாகவே வந்தது. இரண்டாவது வாரம் ஈரம் குறைந்ததுபோல் இருந்தது. உண்மையா, தன் நினைப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. எப்போதாவது கூட வந்த கிளிஃபர்ட், அங்கே தேன் வாசனையும் மெழுகு வாசனையும் கமகமவென்று அடிக்கிறது என்றான். அவளுக்கு அது கிடைக்கவில்லை. ஆனால் காதை மரத்தில் வைத்தால் உள்ளே ஒரு முழக்கம் கேட்டது. தூரத்தில் ஜெபமாலை சொல்லும் கூட்டத்தின் முணுமுணுப்புப் போல. நவம்பருக்குப் பிறகு முதன்முறையாக அவள் எதையும் முகர்ந்து பார்க்கத் தவிக்காமல் நின்றது அங்கேதான்.

குருத்து ஞாயிறுக்கு முந்தைய நாள், காலை ஆறரை மணி. பக்கிரி ஒரு மரப்பெட்டியோடு வந்தான். கிளிஃபர்டின் பள்ளித் தோட்டத்தில், மாமரங்களுக்கு அடியில் பெட்டியை வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்திருந்தது. ஸ்ரீகிருஷ்ணா ஒரு நாற்காலியோடு வந்து, அதில் உட்காராமல் நின்றார்.

பக்கிரி அலமாரிக் கதவை முழுதாகத் திறந்தான். ஏழு அடைகள், ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம், புத்தகங்கள் மாதிரி ஒன்றையொன்று ஒட்டாமல் தொங்கின. மேல்பாதி முழுக்க வெள்ளை மெழுகால் மூடியிருந்தது. இஸ்திரி போட்ட துணிபோல் ஒரு சுருக்கமில்லை. "மூடிட்ச்சிக்கா" என்றான் பக்கிரி, தானே கட்டிய வீட்டைக் காட்டுகிறவன்போல.

குஞ்சுகள் இருந்த அடைகளைச் சட்டங்களில் நூலால் கட்டிப் பெட்டிக்குள் வைத்தான். தேன் அடைகளில் பாதியைத் தேனீக்களுக்கே விட்டுவிட்டு, மீதியை வாளியில் வெட்டிப் போட்டான். பிறகு வெறும் விரல்களால் தேனீக் கொத்தை விலக்கி விலக்கி எதையோ தேடினான். "ராணி" என்று மெதுவாகச் சொன்னான். மற்றவற்றைவிட நீளமான, கருத்த ஒன்று. அதை உள்ளங்கையில் வாங்கிப் பெட்டிக்குள் விட்டான்.

அடுத்த அரைமணி நேரம் நடந்ததை ரெனிட்டா பிறகு பலரிடம் சொல்லிப் பார்த்தாள். யாருக்கும் சரியாகச் சொல்ல வரவில்லை.

முதலில் பெட்டியின் வாசலில் நாலைந்து தேனீக்கள் வந்து நின்றன. வாலைத் தூக்கிக்கொண்டு விசிற ஆரம்பித்தன. பிறகு அலமாரியில் அப்பிக்கிடந்த கூட்டத்தின் ஒரு ஓரம் அசைந்தது. அவை பறக்கவில்லை. நடந்தன. மரத்திலிருந்து இறங்கி, தரை ஓட்டின் மேல், ஒன்றன்பின் ஒன்றாக, பிறகு பத்துப்பத்தாக, பிறகு ஒரு கம்பளத்தை இழுத்துக்கொண்டு போவதுபோல் எல்லாமாகச் சேர்ந்து பெட்டி வாசலை நோக்கி நடந்தன. ஆயிரக்கணக்கான கால்கள். தள்ளுமுள்ளு இல்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறினாலும் கீழே இருப்பது நின்று வழிவிட்டது. கடல் பக்கமிருந்து வெயில் சாய்வாக வந்து றெக்கைகளில் பட்டு, அந்தக் கம்பளம் முழுக்க மினுங்கியது.

ரெனிட்டா திரும்பிப் பார்த்தபோது ஸ்ரீகிருஷ்ணா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றிருந்தார். கிளிஃபர்ட் போனில் படம் எடுக்கக் கையை உயர்த்தியவன் அதை அப்படியே இறக்கிவிட்டான்.

கடைசித் தேனீ உள்ளே போக ஏழரை ஆனது. வெளியே மேயப் போனவை சாயங்காலத்துக்குள் வந்துவிடும், அதன்பிறகு பெட்டியைத் தூக்கலாம் என்றான் பக்கிரி.

கீழே வந்து தேனை வடிகட்டினார்கள். பக்கிரி தனக்கு ஒரு கிலோ போதும் என்றான். காலியான ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தராசில் வைத்து ரெனிட்டா தேனை ஊற்றினாள். சரியாக ஒரு கிலோ வந்தபோது பாட்டிலில் பத்தில் மூன்று பங்கு காலியாக இருந்தது.

"கொறையறதே" என்றார் ஸ்ரீகிருஷ்ணா.

"இல்ல சார், கரெக்ட்டுதான்" என்று பக்கிரி சிரித்தான். "தேன்ல கிலோ வேற, லிட்டர் வேற. இதுக்குத்தான் ஊட்டுக்கு ஊடு எங்கூட சண்டை புடிப்பாங்க."

"நான் எடை போட்டுப் பொழைச்சவன். நானே ஏமாந்துட்டேன் பாருங்கோ" என்று அவர் தலையில் தட்டிக்கொண்டார்.

எல்லோரும் போனபிறகு ரெனிட்டா கால் கப்பை எடுத்தாள். நிரப்பி, ஊற்றி, வழித்தாள். எண்பத்தைந்து. முழுக் கப்பில் அளந்தாள். முந்நூற்று முப்பத்தொன்பது. கடைத் தேனுக்கும் இதற்கும் ஒரு கிராம். கப்பின் விளிம்பில் கை கொஞ்சம் முன்னே பின்னே போனால் வருகிற வித்தியாசம். தராசு இல்லை, கப் இல்லை, அலமாரிக்குள் வெளிச்சம்கூட இல்லை. இருட்டில் றெக்கையை அடித்துக்கொண்டே இருந்து, சரியான இடம் வந்ததும் நிறுத்தியிருக்கின்றன.

புனித வாரத்தில் தங்கபுஷ்பம் டீச்சர் ஈஸ்டருக்குக் கேக் கேட்டு அழைத்தார். ரெனிட்டா எழுதிக்கொண்டாள். பிறகு, "டீச்சர், ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"என்னம்மா?"

"நவம்பர்லேர்ந்து எனக்கு வாசனையே தெரியலை. ருசியும் பாதிதான். ஜனவரியில கேக் தப்பாப் போனது அதனாலதான். இப்ப எல்லாம் எடை பாத்துத்தான் செய்யறேன். உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

"பைத்தியம், இதைப் போய் ஏன் மறைச்சே?" என்றார் டீச்சர். "எனக்கு ரெண்டு கேக்கா போட்டுக்கோ."

போனை வைத்துவிட்டு ரெனிட்டா நோட்டில் ஒன்றை அடித்து இரண்டு என்று எழுதினாள்.

பெரிய சனிக்கிழமை, ஈஸ்டருக்கு முந்தைய நாள் மதியம். அவள் பங்குக்கு இரண்டு கிலோ எழுநூறு கிராம் தேன் இருந்தது. கேக்குக்கு ஒரு கப் வீதம் எட்டு கேக்குக்குச் சற்றே போதாது. கடைசிக் கேக்குக்கு இருபது கிராம் குறையும், அதைக் கடைத் தேனால் ஈடுகட்டலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கிளிஃபர்ட் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து கேக் தட்டுகளுக்குக் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தான். நடுவே போனில் எதையோ படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"ரெனி, ஒரு தேனீ தன் வாழ்நாள் முழுக்க எவ்ளோ தேன் சேர்க்கும்னு நினைக்கிற?"

"ஒரு கப்?"

"சின்ன ஸ்பூன்ல பன்னெண்டுல ஒரு பங்குதானாம். ஏறக்குறைய."

அவள் மனதுக்குள் வகுத்தாள். சின்ன ஸ்பூன் ஏழு கிராம். பன்னிரண்டில் ஒரு பங்கு என்றால் அரை கிராமுக்குக் கொஞ்சம் கூட. அவளுடைய தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. ஒரு முழு வாழ்க்கையை அதன் மேல் வைத்தாலும் எண் மாறுமா என்பது சந்தேகம்தான்.

"அப்போ இந்த ஒரு கப்?" என்று கிண்ணத்தைக் காட்டினாள்.

கிளிஃபர்ட் போனில் தட்டிப் பார்த்தான். "ஐந்நூற்று எண்பது தேனீ. கிட்டத்தட்ட."

ரெனிட்டா கையிலிருந்த கப்பைப் பார்த்தாள். கவிழ்த்து ஊற்றியாகிவிட்டது. தராசு முந்நூற்று முப்பத்து மூன்று காட்டியது. கப்பின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்ததை அவசரத்தில் அப்படியே விட்டுவிட்டு, கழுவுவதற்காக அதைத் தொட்டிப் பக்கம் வைக்கப்போயிருந்தாள். மறுபடி கிண்ணத்தின் மேல் கொண்டுவந்தாள். ரப்பர் கரண்டியை உள்ளே விட்டு, அடியிலிருந்து விளிம்புவரை, சுற்றிச் சுற்றி, ஒரு இடம் விடாமல் வழித்தாள். தேன் மெதுவாகச் சேர்ந்து, கரண்டி நுனியில் தொங்கி, யோசித்து யோசித்து விழுந்தது. முப்பத்து நான்கு. முப்பத்தைந்து. கிளிஃபர்ட் கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்து வந்து அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தான். முப்பத்தேழு. கடைசித் துளி நீண்டு, நூலாகி, அறுந்தது.

முந்நூற்று முப்பத்தொன்பது.

"ஆறு கிராம்" என்றான் கிளிஃபர்ட்.

"பத்துத் தேனீ" என்றாள் ரெனிட்டா. கப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கரண்டியை இன்னொரு முறை உள்ளே விட்டாள்.